சந்திக்க ஏற்ற நேரம்

மார்ச் 5, சாம்பல் புதன்

காலை ஆறரைப் பூசை. பங்குச் சாமி நெற்றியில் பூசிய சாம்பலை இன்னும் கழுவவில்லை. இந்தத் தவக்காலம் முழுக்கக் கறி மீன் கிடையாது, டீயில் சர்க்கரை கிடையாது, சீரியல் கிடையாது. படுக்கப் போகும் முன் அன்றைய குறையை இந்த டைரியில் எழுதி வைப்பது என்று மாதாவிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பூசைப் புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கப் பழகினேன். ஆனாலும் பிலோமினா மாதிரி பதிவேடு வைக்க இந்தக் கன்னிமேட்டுப் பங்கில் ஆள் இல்லை என்று சாமியே சொல்வார். எங்கள் தெருவையும் மேல் தெருவையும் சேர்த்து முப்பத்தொரு கத்தோலிக்கக் குடும்பங்கள் எங்கள் அன்பியம். வாரம் ஒரு வீட்டில் ஜெபம். செயலாளர் நான்.

ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட்டுக்குக் கொழுந்தெடுக்க வந்தவர்கள் இன்று பூசைக்கு வந்திருந்தார்கள். உட்காராமல் கடைசிச் சுவரோரம் நின்றார்கள். நாற்பத்து மூன்று பேர். பூசை முடிந்ததும் சாமி கூப்பிட்டார்.

"பிலோமினாம்மா, பின்னால நிக்கிறவங்களும் ஞானஸ்நானம் வாங்கினவங்கதான். லயத்துக்குப் போய் அவங்களையும் நம்ம நோட்டுல ஏத்துங்க. யாராவது செத்தாக்கூட நோட்டுல பேர் இல்லாம கல்லறைத் தோட்டத்துல குழி வெட்ட விடமாட்டாங்க, தெரியும்ல?"

"தெரியும் சாமி."

சிலிண்டர் இன்று மாற்றியது. ஜெபமாலை மூன்று.

குறை: என் பதிவேட்டை நானே மெச்சிக்கொண்டது.

மார்ச் 9, ஞாயிறு

கீழ் எஸ்டேட் லயத்துக்குப் போனேன். பத்து வீடு ஒரே கூரையின் கீழ். தகரக் கூரை, ஒரு அறை, முன்னால் ஒரு சாக்கடை. ஈர விறகுப் புகையும் கரிபிடித்த சுவரும். இந்த வாசனை எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

ஒன்பது வீட்டில் குடும்பங்கள். பெயர், வயது, சொந்த ஊர், வந்த வருடம், கர்ப்பிணி உண்டா, கைக்குழந்தை உண்டா என்று சிவப்புப் பேனாவால் கட்டம் போட்டு எழுதினேன். பெண்கள் வெட்கப்பட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஆண்கள் இருந்தால் அவர்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். ஜெபத்துக்குப் பெண்களை எப்போது பிடிக்கலாம் என்று விசாரித்ததில், ஐந்து, ஏழு, ஒன்பது வீட்டு ஆண்களுக்கு நான்கு மணிக்கு மேல் ஃபேக்டரி வேலை என்று தெரிந்தது. கடைசியாக ஒரு கட்டம் சேர்த்தேன்: "சந்திக்க ஏற்ற நேரம்." அந்த மூன்று வீட்டுக்கும் நேராக, "மாலை 4 முதல். பெண்கள் மட்டும்."

ஐந்தாம் வீட்டில் ஜஸிந்தா என்று ஒரு பிள்ளை. இருபத்திரண்டு வயது, ஏழு மாதம். புருஷன் பெயர் அல்பினுஸ். கொழுந்துக் காட்டில் நம் பெண்களிடம் கற்ற தமிழில், "அம்மா, உக்காரு, டீ குடி" என்றாள். சர்க்கரை இல்லாத கட்டன் சாயா. நான் சர்க்கரையை விட்டது அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்பட்டேன். பிறகுதான் வீட்டில் சர்க்கரையே இல்லை என்று புரிந்தது. சேர்ந்து ஒரு ஜெபமாலை சொன்னோம். அவள் இந்தியில், நான் தமிழில். மணிகள் ஒன்றாகவே நகர்ந்தன.

குறை: பராக்கு. அவளுடைய பாதம் வீங்கியிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 11

அமல் சாப்பிடும்போது பேச்சைத் தொடங்கினான். என் மகன், இருபத்தொன்பது வயது, ஜீப் ஓட்டுகிறான்.

"என்னம்மா, இந்திக்காரிக்கெல்லாம் அன்பியம் நடத்துறியாமே? அடுத்து சப்பாத்தியில நற்கருணையா?"

"வாயைக் கழுவுடா, தவக்காலத்துல."

"செலினக்காட்ட போய்ச் சொல்லு. இருபத்திரண்டு வருசம் கொழுந்து எடுத்தவங்க. ஜனவரியிலேர்ந்து பேர் போட மாட்டேங்குறான். யாரு எடுத்த இடம் அது?"

செலின் பக்கத்து வீடு. அவள் விரல்களில் கொழுந்துக் கறை இப்போதுதான் மங்குகிறது.

என் வீட்டுக்காரர் தட்டில் கை கழுவிக்கொண்டே, "பேர் போடாதவன் மேனேஜர்தானே? அந்தப் பொண்ணுங்களா?" என்றார்.

"உங்களுக்கு எல்லாம் வேடிக்கைப்பா" என்று அமல் எழுந்து போனான்.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதை. முடிந்ததும் மண்டபத்தில் மாஸ்டர் பேசினார். மாஸ்டர் எங்கள் பங்குப் பேரவைத் துணைத்தலைவர், கல்லறைத் தோட்டத்துச் சாவியும் அவரிடம்தான். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவரிடம் படித்தவர்கள்தான். மலைமக்கள் உரிமைக் காப்பு இயக்கம் என்று தொடங்கியிருக்கிறார். அமல் அதில் கிளைச் செயலாளர்.

"நாம இந்த மலையோட பிள்ளைங்க. எஸ்டேட்காரனுக்குக் கேள்வி கேக்கிற ஆளு வேண்டாம், கேட்டா புரியாத ஆளுதான் வேணும். இன்னைக்குக் கொழுந்து, நாளைக்குக் கோயிலு. பீடத்துல இந்தி ஏறுற அன்னைக்கு நீங்க எங்க நிப்பீங்க? பின்சுவத்துல!"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான். செலின் அழுதாள்.

பிறகு மாஸ்டர் என்னிடமே வந்தார். "பிலோமினாம்மா, உங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும்னு அமல் சொல்வான். கலெக்டருக்கு மனு குடுக்கணும். எத்தனை பேரு, எங்கேர்ந்து, என்னைக்கு வந்தாங்கன்னு ஒரு நகல் வேணும். உங்களை விட்டா யாரு?"

பெரிய படிப்புப் படித்தவர், என்னை நாற்காலியில் உட்காரவைத்து அவர் நின்றுகொண்டு பேசினார்.

குறை: மண்டபத்தில் பெருமைப்பட்டது.

மார்ச் 18

நகல் முடிந்தது. ஒன்பது வீடு, இரண்டு தாள், சிவப்புக் கோடு. கடைசிக் கட்டம் மனுவுக்கு எதற்கு என்று ஒரு தரம் தோன்றியது. ஆனால் கோடு போட்டாகிவிட்டது. நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுவதுதான் பதிவு. ஒரு கட்டத்தைக் காலியாக விட எனக்குக் கை வராது. அமல் வாங்கிப் பார்த்துவிட்டு, "சூப்பர்மா" என்று என் கன்னத்தைக் கிள்ளினான். அவன் என்னைத் தொட்டுப் பேசி எத்தனை நாளாயிற்று.

குறை ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

பூசையில் முதல் வாசகத்தைத் தமிழில் வாசித்த பிறகு, சாமி அல்பினுஸை அழைத்து அதையே இந்தியில் வாசிக்கச் சொன்னார். அவன் வாய் திறந்ததும் மாஸ்டர் எழுந்தார். அவர் பின்னால் பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். நான் பெஞ்சின் ஓரத்தில் இருந்தேன். உள்ளே இருந்தவர்கள் வெளியே போக வழி விடத்தான் எழுந்தேன். எழுந்த பிறகு மறுபடி உட்கார்ந்தால் நன்றாக இருக்காது. வாசல் வரை போய்விட்டேன்.

இவர் எழவில்லை. கிட்டத்தட்டக் காலியான கோயிலில் இருமிக்கொண்டே முழுப் பூசையும் கண்டார்.

குறை: பூசை பாதியில் விட்டது. (வழி விட.)

மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள்

ஜஸிந்தா வீடு தேடி வந்தாள். முகமும் வீங்கியிருந்தது. "அம்மா, ஆஸ்பத்திரி. எனக்குப் பேச்சு இல்ல" என்றாள். டவுனுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். அன்றாடம் நாற்பது பேரைப் பார்க்கும் நர்ஸ், பாவம், களைத்திருந்தாள்.

"நீங்க யாருங்க இவங்களுக்கு?"

"அன்பியத்துச் செயலாளர்."

"அதெல்லாம் எங்க கார்டுல இல்லம்மா. அம்மாவா, மாமியாரா?"

நான் யோசிப்பதற்குள் ஜஸிந்தா, "அம்மா" என்றாள். நர்ஸ் எழுதிக்கொண்டாள். என் போன் நம்பரையும் வாங்கினாள். டாக்டரம்மா என்னைத்தான் உட்காரவைத்துச் சொன்னார்: "பிரஷர் அதிகம். தலை ரொம்ப வலிச்சாலோ, கண் மங்கினாலோ, ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. ஃபிட்ஸ் வந்தா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. 108-க்குப் பேச அவளுக்குப் பாஷை தெரியாது. நீங்கதான் பொறுப்பு."

திரும்பும் வழியில் அவளிடம் சைகையில் சொல்லிக்கொடுத்தேன். தலை, கண், போன். அவள் சிரித்துக்கொண்டே திருப்பிச் செய்துகாட்டினாள். அவள் போனில் என் பெயரை மாதா படத்தோடு போட்டுக்கொண்டாள். நான் "லயம் 5" என்று போட்டுக்கொண்டேன்.

அமலிடம் சொல்லவில்லை.

மார்ச் 30

இயக்கத்தில் உறுப்பினர் படிவம் கொடுத்திருக்கிறார்கள். அமலுக்காக நான் நிரப்பினேன். பூர்விகம் என்ற இடத்தில், "மூன்று தலைமுறையாக நீலகிரி" என்று எழுதச் சொன்னான்.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கப்பல்ல எந்தத் தலைமுறை வந்துச்சாம்?" என்றார்.

"சும்மா இருங்க."

"சிலோன்லேர்ந்து வந்து மண்டபம் கேம்ப்ல மூணு மாசம் கெடந்தது யாரு, பிலோமி? இங்க வந்த வருசம் தெருக்குழாயில உங்கம்மா குடத்தை ஒதைச்சு உருட்டிவிட்டுட்டு, சிலோன்காரி, உன் ஊருக்குப் போன்னு சொன்னாங்களே, அது யாரு தலைமுறை?"

"பிள்ளைக்குப் பொண்ணு பாக்குற நேரம். அதை ஏன் இப்ப எடுக்குறீங்க?"

அவர் வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அன்பியப் பதிவேட்டின் முதல் பக்கம் எங்கள் குடும்பம். சொந்த ஊர் என்ற கட்டத்தில் திருச்சி என்று பல வருடமாக இருக்கிறது. என் ஞானஸ்நானச் சீட்டு சிலோனில் பதுளைக் கோயிலில் கொடுத்தது. மாதா சுரூபத்துக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன். அமல் பார்த்ததில்லை.

குறை: கணவரிடம் கடுஞ்சொல்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பெரிய வியாழன் அன்று சாமி பன்னிரண்டு பேர் பாதம் கழுவுவார். பன்னிரண்டு அன்பியம், அன்பியத்துக்கு ஒருவர். எங்கள் சார்பில் அமல் பெயரைப் போன மாதமே கொடுத்திருந்தேன். புது வேட்டி வாங்கிவிட்டான். இன்று சாமி அறிவித்தார்: எங்கள் அன்பியத்தின் இடம் இந்த வருடம் லயத்துக்கு. அல்பினுஸ்.

கோயிலுக்கு வெளியே அமலின் கூட்டாளிகள் சிரித்தார்கள்.

"என்ன அமலு, பன்னெண்டுல ஒனக்கு எடமில்லையாமே? வேணும்னா பதிமூணாவதா ஒக்காரு."

"அப்ப யூதாஸ் யாரு மாப்ளே?"

அமல் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "ஏம்மா, நீயே எழுதின நோட்டுல நீயே என் எடத்தை அவனுக்குக் குடுத்துட்ட" என்றான். நான் கொடுக்கவில்லை, சாமிதான் என்று சொன்னேன். அவன் காதில் விழுந்ததா தெரியாது.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

குருத்தோலையில் சிலுவை மடித்து வாசலில் செருகினேன்.

அமல் பின்கட்டில் போன் பேசிக்கொண்டிருந்தான். "வியாழக்கிழமை. எல்லாரும் கோயில்ல இருப்பாங்க. அஞ்சு, ஏழு, ஒம்போது. நாலு மணிக்கு மேல ஆம்பளைங்க இருக்க மாட்டாங்க, தாள்ல இருக்கு பாரு."

நான் துணி காயப்போட வந்ததைப் பார்த்து நிறுத்தினான்.

"என்னடா?"

"மனு விஷயம்மா. சும்மா ஒரு பயம் காட்டினா தானா ஊரைப் பாத்துப் போவாங்க. ஒருத்தர் மேலயும் கை படாது."

எதைப் பற்றி என்று நான் மேற்கொண்டு கேட்கவில்லை. பெரிய வாரத்தில் வீட்டில் சண்டை வேண்டாம் என்றுதான்.

குறை:

ஏப்ரல் 16

சாமியிடம் சொல்லலாம் என்று கோயில் வரை போனேன். பாவசங்கீர்த்தனத்துக்கு நீண்ட வரிசை. என் முறை வந்தது. கோபம், பராக்கு, பெருமை என்று வழக்கமானதைச் சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

மாலை ஆறு மணிப் பூசை. பாதம் கழுவும் சடங்கு நன்றாக நடந்தது. அல்பினுஸ் ஃபேக்டரியில் அனுமதி வாங்கி வந்திருந்தான். அவன் பாதத்தில் வெடிப்பு வெடிப்பாகக் காய்ந்த சேறு. சாமி அதைத் தேய்த்துக் கழுவி முத்தம் கொடுத்தார். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

மாஸ்டர் முன் பெஞ்சில் இருந்தார். அமல் வரவில்லை.

சாமி ஏழாவது ஆளின் பாதத்தைக் கழுவும்போது என் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். லயம் 5. கோயிலில் போன் பேசக் கூடாது. பையில் வைத்தேன். இன்னொரு முறை அதிர்ந்தது. பக்கத்தில் செலின் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் முறை அதிர்ந்தபோது பையின் மேல் கையை அழுத்திக்கொண்டேன். கூடையில் அடைத்த கோழி போலத் துடித்தது. பிறகு நின்றது.

எழுந்து வெளியே போயிருக்கலாம். ஓர பெஞ்சில்தான் இருந்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நேற்று மாலை ஆறரைக்கு இரண்டு ஜீப்பில் வந்திருக்கிறார்கள். ஐந்து, ஏழு, ஒன்பதாம் வீட்டுக் கூரைத் தகரத்தைப் பெயர்த்தார்கள். பானை, பாய், துணி எல்லாம் சாக்கடையில். ஒருவர் மேலும் கை படவில்லை என்பது உண்மைதான். பெண்கள் பயந்து தேயிலைக்குள் ஓடினார்கள். ஜஸிந்தா காலையிலிருந்தே தலைவலி என்று படுத்திருந்தாளாம். அவளும் ஓடினாள். தேயிலைக்குள் உட்கார்ந்து எனக்குப் போன் செய்திருக்கிறாள். பிறகு வலிப்பு வந்திருக்கிறது. ஒன்பதாம் வீட்டுப் பெண் ரோடு வரை ஓடிப்போய், ஒரு லாரியை மறித்து, டிரைவரைக் கொண்டு 108-ஐ வரவழைக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது.

நாலாவதாக என் போன் அடித்தபோது எடுத்தேன். டவுன் ஆஸ்பத்திரி. "அம்மாதானே? உடனே வாங்க."

அல்பினுஸும் நானும் போனோம். ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். இரண்டு மணி நேரம் இருந்தது. அல்பினுஸ் பாட்டில் தண்ணீரை ஊற்றி அவனே ஞானஸ்நானம் கொடுத்தான், மரியா என்று. ஜஸிந்தாவைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரில் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தாளா தெரியாது.

வீட்டுக்கு வந்தால் அமல் படுத்திருந்தான். தூங்கவில்லை.

"குழந்தை செத்துப்போச்சுடா."

"நான் தகரத்தைத்தாம்மா... அவ உள்ள இருக்கான்னே..."

"இருப்பான்னு நான்தான் எழுதிக் குடுத்திருந்தேனே."

பகலில் போலீஸ் வந்தது. லயத்தில் ஒரு ஜெராக்ஸ் தாள் கிடந்ததாம், கோடு போட்டு எழுதியது. கோயில் பட்டியல் போல இருக்கிறது என்று எஸ்.ஐ. சாமியை விசாரிக்கிறார். சாமி தாளைப் பார்த்தாராம். யார் எழுத்து என்று அவருக்குத் தெரியாதா? பதிவேடு தன் பொறுப்பு என்று மட்டும் சொன்னாராம். சாமியே பட்டியலைக் கொடுத்துவிட்டு இப்போது நடிக்கிறார் என்று மாஸ்டர் ஆட்கள் தெருவெல்லாம் சொல்கிறார்கள்.

பதிவேட்டை அரிசி டிரம்முக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

குறை: மூன்று அழைப்பு.

ஏப்ரல் 19, பெரிய சனி

காலை ஏழு மணிக்குச் செலின் ஓடி வந்தாள். "அக்கா, அந்தப் பையன் பிள்ளையைப் பெட்டியில வச்சிட்டு கல்லறை வாசல்ல நிக்கிறான். மாஸ்டர் சாவி தரமாட்டேங்குறாரு. நோட்டுல பேர் இருந்தாக் காட்டட்டும்ங்குறாரு." சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, "எனக்கு வேலைதான் கேட்டேன்கா. இதைக் கேக்கலையே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அரிசி டிரம்மை நகர்த்தினேன். அமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா. அதை எடுத்துட்டுப் போனா எழுத்து ஒத்துப்போயிடும்."

"போகும்."

"நான் உள்ள போயிடுவேன்மா."

இவர் வந்து டிரம்மைப் பிடித்துக்கொண்டார். நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டேன்.

கல்லறை வாசலில் கூட்டம். சாமி ஒரு பக்கம், எஸ்.ஐ. ஒரு பக்கம். அல்பினுஸ் கையில் தேயிலைத்தூள் வரும் பலகைப் பெட்டி, வெள்ளைத் துணி சுற்றி. மாஸ்டர் என்னைப் பார்த்ததும் இரண்டெட்டு முன்னால் வந்தார்.

"பிலோமினாம்மா, நீங்க வீட்டுக்குப் போங்க. அமலை நெனச்சுக்குங்க."

"நோட்டு கேட்டீங்களாம் மாஸ்டர்."

பதினான்காம் பக்கத்தைத் திறந்து பிடித்தேன். ஐந்தாம் எண் வீடு, அல்பினுஸ், ஜஸிந்தா. எஸ்.ஐ. எட்டிப் பார்த்தார். அவர் ஃபைலிலிருந்து தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரே கட்டம், ஒரே எழுத்து, கடைசியில் அதே வரி.

"யார் எழுதினதும்மா இது?"

"நான்தான். சாமிக்குத் தெரியாது. மாஸ்டர் மனுவுக்குன்னு கேட்டாரு. என் மகன் அமல்ராஜ் வாங்கிட்டுப் போனான். எதுக்குன்னு போன ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும்."

தெரியும் என்று சொன்ன பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

மாஸ்டர், "சிலோன்காரப் புத்தி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஐம்பது வருடம் கழித்து மறுபடி கேட்டேன்.

சாவியை எஸ்.ஐ. வாங்கிக் கொடுத்தார். மணி அடிக்கவில்லை, பெரிய சனியில் அடிப்பதில்லை. சாமி அங்கேயே கல்லறைச் சுவரில் பதிவேட்டை வைத்து, குழந்தை பெயரை ஏற்றச் சொன்னார். மரியா. வயது, இரண்டு மணி நேரம். சொந்த ஊர் என்ற கட்டம் வந்ததும் அல்பினுஸைப் பார்த்தேன். அவனுக்குக் கேள்வி புரியவில்லை. கன்னிமேடு என்று எழுதினேன். அப்படியே முதல் பக்கத்தைத் திருப்பி, திருச்சியை அடித்துவிட்டு, பதுளை என்று எழுதினேன்.

பதினொரு மணிக்கு அமலைக் கூட்டிப்போனார்கள். போகும்போது அவன் அப்பாவிடம் மட்டும், "ஜீப்புக்கு மழை படாம தார்ப்பாய் போட்டுருங்கப்பா" என்றான். இவர் போட்டார். அதன் பிறகு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்.

யாரோ எங்கள் வாசல் குருத்தோலைச் சிலுவையைப் பிய்த்து எறிந்திருக்கிறார்கள். வியாழன் காலை ஊறப்போட்ட உளுந்து அரைக்காமல் புளித்துவிட்டது. கொட்டினேன்.

மாலை லயம் 5 எண்ணுக்குப் போன் செய்தேன். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். மூன்றாம் முறையும் செய்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.